தாய்மாமன் வெற்றிலை படுத்துக்கொண்ட விவரம்

சாந்த் குருவா,
24 மே 1958, சனிக்கிழமை காலை

அன்புத் தங்கை தெய்வானைக்கு,

அண்ணன் முனிசாமி மனமார வாழ்த்தி எழுதுவது. இங்கு நான் நலம். வெற்றிலையின் நலத்தைக் கீழே எழுதுகிறேன். அங்கே காத்ர் போர்னில் மாப்பிள்ளை கோபாலனும் உங்கள் மகள் பார்வதியும் நலமென்று நம்புகிறேன். மேலே படிக்குமுன் தயவுசெய்து உட்கார்ந்துகொள்.

நாளை பார்வதியின் நிச்சயதார்த்தத் தட்டில் தாய்மாமன் வீட்டுக் கொடியின் வெற்றிலைதான் வைக்க வேண்டும் என்பது நம் வழக்கம். சம்பந்தி பாக்கியம் அம்மாள், "வாடின வெத்தலையைத் தட்டுல பார்த்தா நான் எழுந்து போயிடுவேன்" என்று சொல்லியிருப்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் நீ போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீ ஒரு பரிசோதனையும் பண்ணாதே. பறி, துடை, எடுத்துட்டு வா. அவ்வளவுதான்" என்றாய். அப்படியே வியாழக்கிழமை நல்ல இலைகளை எல்லாம் பறித்தேன், துடைத்தேன். (கொடியில் மிச்சமிருப்பவை நத்தை கடித்தவை.) எடுத்துக்கொண்டு வருவது ஒன்றுதான் பாக்கி. நேற்றுக் காலையில் பார்த்தால் இலைகளின் ஓரம் லேசாகத் துவண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருப்பார்கள். நானோ பள்ளிக்கூடத்தில் இயற்கை விஞ்ஞானம் போதித்தே தலை நரைத்தவன். போன வருஷம் வயிற்றுப்போக்கில் நான் துவண்டு கிடந்தபோது ஆஸ்பத்திரியில் நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றித்தானே எழுப்பினார்கள்? நானே எழுந்தேனே, வெற்றிலை எழாதா என்று தோன்றியது. இது பரிசோதனை அல்ல, வைத்தியம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, இலைகளை உப்புத் தண்ணீரில் ஊற வைத்தேன்.

மத்தியானம் பார்த்தால், ஈரத்துணி மாதிரி படுத்துவிட்டன. பக்கத்து வீட்டு யொலாந்த் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஆயோ, மிஸ்யே வாத்தியாரே! உப்பு போட்ட மீன் எழுந்து நீந்தினதை எங்கே பார்த்தீங்க? சர்க்கரை போடுங்க. ஜாடியில பூ நிக்கிறது சர்க்கரைத் தண்ணியிலதான்" என்று கிரியோல் பாஷையில் கத்தினாள். கரும்புத் தீவில் இருக்கும் நமக்குச் சர்க்கரைக்கா பஞ்சம்? எவ்வளவு போடுவது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாகு மாதிரி கரைத்து அதில் மாற்றினேன். இலைகள் இன்னும் சுருண்டன, அதோடு சாந்த் குருவாவில் உள்ள எறும்பெல்லாம் நிச்சயதார்த்தத்துக்கு வந்துவிட்டது.

அப்புறம்தான் பழைய பாடப்புத்தகத்தை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்கலாம். உயிரணு ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று துறைமுகச் சுங்கக்காரர் மாதிரி நிற்கிறது. தண்ணீரை உள்ளே வெளியே தாராளமாக விடும், உப்பையும் சர்க்கரையையும் சுலபத்தில் விடாது. எந்தப் பக்கம் கரைசல் அடர்த்தியோ அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும். எனக்கு ஏற்றிய உப்புத் தண்ணீர் என் ரத்தத்தின் அளவுக்கே உப்பானது, அதனால் என் அணுக்கள் பிழைத்தன. வெற்றிலைக்கு நான் கரைத்ததோ கருவாட்டுக்குரிய உப்பு, தண்ணீரெல்லாம் வெளியே வந்துவிட்டது. வேறு சில சரக்குகளை உயிரணு தன் பலத்தைச் செலவழித்து உள்ளே சுமந்து கொண்டுவருமாம். முப்பத்தெட்டில் துறைமுகத்துக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மூட்டை நகராமல் கிடந்ததே, அது மாதிரி பலம் போனால் அந்த வேலையும் நின்றுவிடும். இதெல்லாம் உனக்கு இப்போது தேவையா என்று தெரியவில்லை. ஆனால் தப்பு என் மேல் மட்டும் இல்லை, சவ்வின் மேலும் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான்.

எறும்பையும் பாகையும் கழுவ, இலைகளை வாளியில் வெறும் தண்ணீரில் போட்டிருக்கிறேன். பார்க்கவே மனசு வரவில்லை. நிச்சயதார்த்தத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். யொலாந்தின் புருஷன் ஜான்-மார்க் சாயங்காலம் உங்கள் ஊர்ப் பேருந்தை ஓட்டிக்கொண்டு வருவார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். திட்டுவதாக இருந்தால் அவரைத் திட்டாதே.

பார்வதி பதினாறு பேறும் பெற்று வாழ முருகன் துணையிருப்பான். மாப்பிள்ளைக்கு என் வணக்கம், உனக்கு என் ஆசியும் பயமும்.

உன் அண்ணன்,
முனிசாமி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு, தேதியை மாற்றாதே. வாளியில் இலைகள் எழுந்துவிட்டன தெய்வானை! இன்ஸ்பெக்டர் வந்ததும் எழுந்து நிற்கிற பிள்ளைகள் மாதிரி விறைப்பாக நிற்கின்றன. யொலாந்த் கை தட்டினாள். ஆனால் தண்ணீர்தான் எழுப்பியதா, தானாகவே எழுந்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஜான்-மார்க் கிளம்ப நேரமும் இருந்தது. அதனால் பாதியை மட்டும், இன்னும் கொஞ்சம் கூடுதலாக உப்புப் போட்டு, மறுபடி ஊற வைத்துப் பார்த்தேன். தத்துவம் மிகச் சரி. அந்தப் பாதி இனி எழாது. மீதியோடு நாளைக் காலை முதல் பேருந்தில் வருகிறேன். தட்டில் அடியில் வைக்க நீ சந்தையில் கொஞ்சம் வெற்றிலை வாங்கி வை, பாக்கியம் அம்மாள் மேலே இருப்பதைத்தான் பார்ப்பார். வழியில் நான் ஒன்றும் செய்ய மாட்டேன். உப்பை யொலாந்திடம் கொடுத்துவிட்டேன்.