சர்வரில் சிரிக்கும் குழந்தை

எந்த மாதம் சிரிப்பது, எந்த மாதம் கழுத்து நிற்பது என்பதையெல்லாம் குழந்தைகளின் இஷ்டத்துக்கு விட்டுவைத்தால் நாடு உருப்படுமா? ஆகவேதான் திண்டிவனத்தில் மழலை முன்னேற்ற மையம் நிறுவப்பட்டு, அதற்கொரு செயலியும் வழங்கப்பட்டது.

அந்த வட்டாரத்து வல்லம் கிராமத்துக் கலைப்பிரியாவின் மகள் சங்கவி மூன்றாம் மாதத்திலேயே விதிப்படி சிரித்தாள். அங்கன்வாடி தையல்நாயகி செயலியில் பச்சை டிக் போட்டார். எல்லாருக்கும் சந்தோஷம்.

ஏழாம் மாதம் பிள்ளை விதியை மீறியது. தூங்கி எழுந்ததும் தலை படக்கென்று குனியும், இரண்டு கையும் தூக்கிக்கொள்ளும். ஒரு நொடிதான். மறுபடியும் அதே. பத்து, பதினைந்து தடவை. முடிந்ததும் வீரிட்டு அழும். அதோடு சிரிப்பு நின்றது. நின்ற கழுத்து தொங்கியது. அம்மா முகத்தைப் பார்ப்பதும் போயிற்று. கலைப்பிரியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்கு ஓடினாள்.

தையல்நாயகி பதறிப்போய் டிக்கை எடுக்கப் பார்த்தார். ‘அடைந்த முன்னேற்றத்தைத் திரும்பப் பெற இயலாது’ என்றது செயலி. விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப் பரிந்துரைக் கடிதத்தை அந்தச் செயலிதான் தரும். பின்தங்கிய குழந்தைக்குத்தான் தரும். கடிதம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஊரே சொன்னது. அப்படி யார் போய்த் திரும்பினார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற வேலையைப் போட்டுவிட்டு, கலைப்பிரியா திண்டிவனத்துக்கு நடையாய் நடந்தாள். மையத்தின் மேற்பார்வையாளர் தென்னரசு சீட்டில் அகப்பட்டது பதினெட்டாம் நாள்.

“உங்க பாப்பாதான் மூணாம் மாசமே சிரிச்சாச்சேம்மா.”

“இப்ப சிரிக்கலீங்க சார்.”

“அது இப்ப. சர்வர்ல சிரிச்சிக்கினுதானே இருக்கு? நம்ம வட்டாரம் நூத்துக்கு நூறு. உங்க ஒரு பாப்பாவால தொண்ணூத்தொம்பது ஆவணுமா?”

அந்த நேரம் பார்த்து மடியில் பிள்ளை விழித்தது. தலை குனிந்தது, கைகள் எழுந்தன.

“அடடே, சாருக்கு வணக்கம் வெக்குது!” என்றது அலுவலகம். தென்னரசு மரபுப்படி பாதி எழுந்து பதில் வணக்கம் வைத்தார். பிள்ளை பன்னிரண்டு தடவை குனிந்தது; அவரும் பன்னிரண்டு தடவை கும்பிட்டார். கம்ப்யூட்டர் ஆள் ராஜ்குமார் போனில் படம் பிடித்துக்கொண்டான்.

“வணக்கமில்லீங்க சார், இழுப்பு! கண்ணு எப்படி சொருவுது பாருங்க!”

“வலிப்புன்னா கீழ விழணும்மா. நுரை தள்ளணும். கையில சாவிக்கொத்து குடுக்கணும். இதுல ஒண்ணாவது இருக்குதா?” என்று கேட்ட தென்னரசு, மனமிரங்கி ஒரு வழியும் சொன்னார். “பாப்பா இன்னிக்குப் பொறந்ததா புதுசா பதிஞ்சிடலாம். மூணு மாசம் பொறுத்தா சிரிப்புக் கட்டம் தொறக்கும். அப்ப சிரிக்கலன்னு போட்டா கடிதம் தானா வந்துடும்.”

“அதுவரைக்கும் எம்புள்ள மூளை தாங்குமா சார்?”

“மூளைக்கு நம்மகிட்ட கட்டம் இல்லம்மா.”

“கட்டத்தையே கட்டிக்கினு அழுங்க!” என்று கத்திவிட்டு வெளியே வந்தவள், விழுப்புரம் பஸ்ஸில் ஏறினாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஞானமதி பிள்ளையை ஒரு தடவை பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். அன்றைக்கே மூளை அலைப் பரிசோதனை, அன்றைக்கே படுக்கை, அன்றைக்கே மருந்து.

“கடிதம் கொண்டாரலீங்க டாக்டர்.”

“எதுக்குமா கடிதம்? ஓபி சீட்டு போதுமே. இது கைக்குழந்தைக்கு வர்ற வலிப்பு. ஒவ்வொரு நாளும் வளர்ச்சிய தின்னுடும். வலிப்ப நிறுத்தப் பாக்குறேன். போனதுல எவ்ளோ திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது.”

அந்தப் பதினெட்டு நாளை நினைத்து கலைப்பிரியா தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

இரண்டு வாரத்தில் வலிப்பு நின்றது. சிரிப்பு வரவில்லை. தென்னரசின் போன்தான் வந்தது.

“வாழ்த்துக்கள்மா! ‘பணிவுள்ள பாப்பா’ன்னு நம்ம மையத்து பேஸ்புக் பக்கத்துல வீடியோ போட்டோம். ஒரு லட்சம் பேரு பாத்துட்டாங்க!”

“அது வலிப்புங்க சார். லட்சம் பேர்ல ஒருத்தருக்குமா புள்ளைக்கு என்னான்னு கேக்கத் தோணல?”

“கேக்காம இருப்பாங்களா? என்ன பவுடர் போடுறீங்கன்னு இதுவரைக்கும் நானூறு பேரு கேட்டுட்டாங்க. சொல்லுங்கம்மா, என்ன பவுடரு?”