இரண்டு கையால் வாங்கிய கண்டென்சர்

மின்சாரத்துக்கு அஞ்சுகிறவன் மின்சாரக் கடையில் வேலைக்குச் சேரக் கூடாது. நான் சேர்ந்தேன். பல்பு மாட்டும்போதுகூடக் குலதெய்வத்தை வேண்டிக்கொள்வேன். (பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரியில் 'கரெண்டு வேலை மாப்பிள்ளை' என்றால் தனி மவுசு. அதை நானே கெடுப்பானேன்?)

அந்த மவுசில்தான் அப்பாவோடு பாகூருக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா நெல் மில் முதலாளி. மில் டைனமோவிலிருந்து வீட்டுக்கும் கரெண்டு இழுத்திருந்தார். கேசரித் தட்டை எங்கள் முன்னால் வைத்த கையோடு மேசை விசிறியைக் காட்டினார். அது சுற்றும்போது, உள்ளே சுழலும் பாகத்தை உரசிக் கரெண்டு கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷில் நீலப் பொறி பறந்தது. அந்தப் பொறியால் பக்கத்தில் ரேடியோ கரகரவென்று கத்தியது.

"என் பெரிய பையன் பிரெஞ்சு பட்டாளத்துல சைகோன்ல கீறான். அங்க நடக்குற சண்ட சேதி கேக்கணும்னா விசிறிய நிறுத்திட்டு வேர்வைல குளிக்கணும். இன்னா பண்ணலாம் தம்பி?"

"கண்டென்சர் ஒண்ணு போட்டா பொறி அடங்கிடும் ஐயா. கடைக்கு வாங்குனது பையிலயே இருக்கு" என்றேன். (வாய் இருக்கிறதே, அது என் முதல் எதிரி.)

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம். பெண் பார்க்கிறாள்! இங்கே பயந்தால் சம்பந்தம் போச்சு.

கண்டென்சரைச் சோதிக்க எங்கள் கடையில் ஒரு வழி உண்டு. அதன் இரண்டு ஒயரையும் கரெண்டில் ஒரு கணம் வைத்து எடுக்க வேண்டும். பிறகு ஒன்றோடொன்று உரசினால், உள்ளே தங்கிய கரெண்டு பொறியாகப் போய்விடும். கரெண்டில் வைத்து எடுத்து முதல் பாதியை முடித்தேன்; உரசுவதுதான் பாக்கி. அதற்குள் அவர், "குடு, பாக்கலாம்" என்று கண்டென்சரின் தகர உடம்பைப் பிடித்து வாங்கிவிட்டார்.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. 'ஒயரைத் தொடாதீங்க' என்றால் என் பயம் வெளியே தெரிந்துவிடும். நல்லவேளை, அவர் தொடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பெரியவர் கொடுப்பதை ஒற்றைக் கையால் வாங்கலாமா? குனிந்து, இரண்டு கையாலும் வாங்கினேன். கைக்கு ஒரு ஒயர்.

"ஐயோ அம்மா!"

கண் திறந்தபோது கேசரித் தட்டின்மேல் உட்கார்ந்திருந்தேன். கண்டென்சர் மட்டும் கையிலேயே இருந்தது. விரல்கள் அப்படி இறுகிவிட்டன. கேசரி ஒட்டிய வேட்டியோடு அதைப் பிரஷ்களுக்குக் குறுக்கே மாட்டினேன். பொறி ஒடுங்கியது, ரேடியோ தெளிந்தது. என் தலைதான் நிமிரவில்லை.

அவர் அப்பாவிடம் சொன்னார்: "மரியாத தெரிஞ்ச புள்ளைங்க. கரெண்டு புடிச்சப்பக்கூட ரெண்டு கையையும் எடுக்கல பாருங்க!"

கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது மகளின் கையை என்னிடம் நீட்டினார். என் கை தானாகப் பின்வாங்கியது. மணப்பெண் தலை குனிந்தபடியே முணுமுணுத்தாள்: "பயமா இருந்தா ஒத்தக் கையால வாங்குங்க."

மைக் இல்லாமலே அது பந்தல் முழுக்கப் பரவிவிட்டது. இன்று பேரப்பிள்ளைகள் காபி கொடுக்கும்போதும் அதையேதான் சொல்கிறார்கள். நானும் ஒற்றைக் கையால்தான் வாங்குகிறேன்.