எதிர் மண்டபம் பதில் சொன்ன மன்றாட்டு

ராயபுரம்,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய காலடிப்பேட்டை லூர்து அவர்களுக்கு, மாப்பிள்ளை சாவியோவின் பெரியப்பா அருள்பிரகாசம் எழுதுவது. சம்பந்தி என்றுதான் முதலில் எழுதினேன். இப்போது அப்படி அழைக்கலாமா என்று தெரியாததால் அடித்துவிட்டேன். எழுத்து கோணலாக இருப்பதற்கும் வரி மேலே ஏறிக் கீழே இறங்குவதற்கும் மன்னிக்க வேண்டும். போன வருடம்தான் கோயில் மாலை வகுப்பில் எழுதக் கற்றேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் இது என் முதல் கடிதம். வெட்கப்பட்டு எழுத வேண்டிய கடிதத்தில் கொஞ்சம் சந்தோஷமும் வந்துவிடுகிறது, அதற்கும் சேர்த்து மன்னியுங்கள். ஆண்டவர் கிருபையால் இங்கு நலம். அங்கு நலமாக இருக்க முடியாது என்று தெரியும், காரணம் நான்தான். நீங்கள் போனை எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்தில் மண்டப ஸ்பீக்கரில் கேட்டது என் குரல்தான். வேண்டுமென்று செய்ததில்லை. அன்று மாலைப் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்றை நான் வாசிப்பது, முடிந்ததும் எதிரே இருக்கும் மண்டபத்துக்கு ஓடிவந்து தட்டு மாற்றுவதைப் பார்ப்பது என்று ஏற்பாடு. மனதில் இருப்பதை நீங்களே எழுதி வாசியுங்கள் என்று டீச்சர் மெர்லின் சொல்லியிருந்தார். என் மனதில் இருந்தவன் தம்பி மகன் சாவியோ. நிச்சயதார்த்தத்தன்று அவனுக்காக வேண்டாமல் வேறு யாருக்காக வேண்டுவது? ராயபுரத்தில் எத்தனையோ சாவியோ இருக்கிறார்கள், ஆண்டவர் குழம்பக் கூடாது என்று கதவு எண், தெருப் பெயர் எல்லாம் போட்டு எழுதினேன். விலாசம் எழுதுவதுதான் அந்த வாரப் பாடம்.

கோயில் மைக் பழுதாகி, மஜீது கடையிலிருந்து ஒயர் இல்லாத மைக் வாடகைக்கு வந்திருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. விலாசத்தைச் சொல்லிவிட்டு இப்படி வாசித்தேன்: "குடித்துவிட்டு கன்டெய்னர் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கும் எங்கள் சாவியோ, நல்ல பெண் வரப்போகும் இந்த நேரத்திலாவது அந்தப் பழக்கத்தை விட வேண்டுமென்று, இறைவா, உம்மை மன்றாடுகிறோம்." வழக்கமாக எல்லோரும் சேர்ந்து சொல்லும் பதிலைக் கோயிலில் ஒருவரும் சொல்லவில்லை. முன் வரிசையில் காதைத் தொட்டுக் காட்டினார்கள். என் வாசிப்பு அவ்வளவு மோசமா என்று உடம்பு கூசியது. இன்னும் சத்தமாக வாசித்தேன். அப்போது "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பெருங்கூட்டமாகப் பதில் வந்தது, வெளியிலிருந்து. வாசல்வரை ஜனம் நிற்கிறது, என் வாசிப்புக்கு இத்தனை பேரா என்று பூரித்துப்போய், கதவு எண்ணோடு சேர்த்து மறுபடியும் வாசித்தேன்.

பூசை முடிந்து ஓடிவந்தபோது நீங்கள் தட்டையும் பெண்ணையும் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். மஜீது தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னா நைனா, இப்டி பண்ட்டே. ரெண்டு எடத்துக்கும் ஒரே சேனல் செட்ட குட்த்துட்டேன். கோயில் பொட்டில ஒயரு கயண்டுகினு கீது. மண்டபத்துல மைக்க ஆஃப் பண்ணிட்டு தட்டு மாத்திக்கினு இருந்தாங்க. அங்க சும்மா கெடந்த பொட்டி, காத்துல வந்த ஒன் கொரல புட்ச்சிகிச்சி."

"அங்கே தெளிவாகக் கேட்டதா?" என்றேன். அந்த நேரத்தில் கேட்கக் கூடாத கேள்வி.

"ஒவ்வொரு எய்த்தும். டோர் நம்பரு உள்பட."

மன்றாடுகிறோம் என்று காதில் விழுந்தால் பதில் சொல்லாமல் இருக்க நம் ஜனத்தால் முடியாது, வாய் பழகிவிட்டது. முதல் தடவை குரல் எங்கிருந்து வருகிறது என்று திகைத்தவர்கள், இரண்டாம் தடவை தன்னை அறியாமல் சொல்லிவிட்டார்களாம். சாவியோவின் அம்மா சொன்னாளாம். மாலையோடு நின்ற சாவியோவும் சொன்னானாம், எல்லோரையும்விடச் சத்தமாக. நீங்களும் சொன்னதாகக் கேள்வி. குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை.

சபையில் உங்கள் தலை குனிந்தது என்னால். அதை நினைத்தால் கோயில் பக்கமே போகக் கூசுகிறது. ஆனால் அத்தனை பேர் வேண்டியது வீண் போகவில்லை. அன்றிலிருந்து சாவியோ தொடவில்லை, இது சத்தியம். நானும் இனி மைக்கைத் தொட மாட்டேன். உங்கள் மகள் சாண்ட்ராவைக் கேளுங்கள். அவளுக்கு மனமிருந்தால் தட்டோடு திரும்பி வாருங்கள். அவளுக்கும் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் மாதா துணையிருக்க வேண்டுகிறேன், மைக் இல்லாமல்.

தலை நிமிராமல்,
அருள்பிரகாசம்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் சரியாக இருக்கிறதா என்று சாவியோவுக்குப் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னான்.

"பெரிப்பா, அந்தத் தொடலன்ற வரிய அட்ச்சிடு. நேத்து குட்ச்சேன்."

"ஏன்டா?"

"அவரு போன எடுக்கல, பேஜாராய்ட்ச்சி. அதுக்காவ அந்தப் பொண்ண பொய் சொல்லிக் கட்டிக்க சொல்றியா? மைக்ல உண்மைய சொல்லிட்டு லெட்டர்ல பொய் எய்தற."

ஏற்கெனவே ஒரு சொல்லை அடித்ததில் முதல் வரி கறுத்துக் கிடக்கிறது. புதிதாக எழுத இன்னும் நாலு நாள் ஆகும். அதனால் அந்த வரியை அப்படியே விட்டு, அது பொய் என்று இங்கே எழுதுகிறேன். மைக்கைத் தொட மாட்டேன் என்றதும் நிற்காது போலிருக்கிறது. "வர்ற ஞாயித்துக்கெயமையும் எனக்காவ வேண்டிக்கோ. டோர் நம்பர் மட்டும் வேணாம்," என்கிறான்.

அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன், அவன் குடித்தானா இல்லையா என்று உள்ளபடி. அதைச் சாண்ட்ராவிடமே கொடுங்கள்.