ரோஜா வலது காலைத் தூக்கினால்

திண்டுக்கல்லில் குதிரை ஓட்டத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். குதிரை மேல் உட்காரத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மோட்டார் பம்ப் கடை கிளெமென்ட் இரண்டாவது ரகம். வாட்ஸப்பில் மட்டும் முதல் ரகம்.

தாடிக்கொம்பு ரோட்டில் நூர் அகமதுவுக்கு வேலி போட்ட ஒரு பொட்டலும், நாலைந்து குதிரைகளும், லட்டு என்றொரு மட்டக்குதிரையும் உண்டு. கல்யாண நாட்களில் அவை மாப்பிள்ளைகளைச் சுமக்கும். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பைகளைச் சுமக்கும். அந்தத் தொப்பைக்காரர்கள் சேர்ந்து 'ஞாயிறு சவாரி' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். சாயங்காலமானால் அவரவர் சவாரிச் செய்தியைக் குழுவில் போட்டாக வேண்டும்.

தேங்காய் வியாபாரி வேலுசாமிதான் அதற்கு அட்மின். 'இன்று சுல்தான் மேல் பெருமாள் கோயில் வரை போய் வந்தேன். சுல்தான் நலம். நானும் நலம்' என்று போடுவார். பல் டாக்டர், லட்டுவின் கடைவாய்ப் பல்லைப் படம் பிடித்துப் போடுவார். டுட்டோரியல் பிரபு, தான் விழுந்த கருவேலம் புதரைப் போடுவார். எல்லாவற்றுக்கும் கடைசியில் கிளெமென்ட்டின் படம் வரும். வெள்ளைக் குதிரை ரோஜா. கழுத்தை வளைத்து, வலது முன்னங்காலைத் தூக்கி நிற்கும். மேலே இடுப்பில் கை வைத்தபடி கிளெமென்ட். கீழே எழுத்து: 'காற்றைக் கிழித்தோம்.'

காற்று கிழியவே இல்லை என்பது நூர் அகமதுவுக்கு மட்டும் தெரியும். ரோஜா பல வருஷமாக மாப்பிள்ளை ஊர்வலத்தில் பழகிய குதிரை. யாராவது போனைத் தூக்கி அதன் முகத்துக்கு நேரே பிடித்தால் போதும். நின்ற இடத்தில் நின்று, கழுத்தை வளைத்து, வலது காலைத் தூக்கும். போனைக் கீழே இறக்கும் வரை காலையும் இறக்காது. கிளெமென்ட் ஏறுவார், நூர் அகமது படம் எடுப்பார், கிளெமென்ட் இறங்குவார். பிறகு டீ. சவாரி முடிந்தது.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் வேலுசாமி ஒரு செய்தியைப் போட்டார். வருகிற ஞாயிறு குழு மொத்தமும் தாடிக்கொம்பு தாண்டி அவருடைய தென்னந்தோப்புக்குக் குதிரையில் போகிறது. குடும்பங்கள் வேனில் வரலாம். தோப்பில் பிரியாணி. முன்னே செல்பவர் நமது கிளெமென்ட் சார். ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

கிளெமென்ட் போனைக் கவிழ்த்து வைத்தார். போனால் எலும்பு போகும். போகாவிட்டால் பெயர் போகும். காய்ச்சல் என்று படுத்தால் பல் டாக்டர் வீட்டுக்கே வந்துவிடுவார். கடை என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டிக் கிடப்பது ஊருக்கே தெரியும். யோசித்து யோசித்துக் கடைசியில் அவருக்கு அல்போன்சாவின் ஞாபகம் வந்தது.

அல்போன்சா கணக்கு டீச்சர். அவள் கிழித்த கோட்டைக் கிளெமென்ட் தாண்ட மாட்டார் என்பது கடைத்தெரு முழுக்கப் பிரசித்தம். 'வீட்டுல வேண்டாங்கிறாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். பாவம் என்றுகூடச் சொல்வார்கள். அதிலும் அவளுக்குக் குதிரை என்றாலே ஆகாது. அவர் இந்தக் குழுவில் சேர்ந்த புதிதில், "என்னையும் கூட்டிட்டுப் போங்களேன், நானும் ஏறிப் பாக்குறேன்" என்று ஒருநாள் கேட்டாள். "சேலையக் கட்டிக்கிட்டுக் குதிரையா? போயி பேப்பரத் திருத்து" என்று சிரித்தார். அன்றோடு குதிரைப் பேச்சையே அவள் விட்டுவிட்டாள். சனிக்கிழமை வந்தால் ஸ்பெஷல் கிளாஸ் என்று கிளம்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை இவர் என்ன செய்கிறார் என்று கேட்பதும் இல்லை, இவர் அனுப்பும் படங்களைப் பற்றிப் பேசுவதும் இல்லை. அந்த மௌனத்தைக் கிளெமென்ட் வெறுப்பு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். கணக்கு டீச்சரின் புருஷன் போட்ட கணக்கு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் காரியத்தை ஆரம்பித்தார்.

"அல்போன்சா, வாற ஞாயித்துக்கெழம குதிரையில தாடிக்கொம்பு தாண்டிப் போகணுமாம்."

"போயிட்டு வாங்க."

கிளெமென்ட்டின் கையில் எடுத்த உருண்டை வாய்க்குப் போகவில்லை.

"ரோட்டுல லாரி போகும் வரும்."

"ஓரமாப் போங்க."

"குதிர மெரண்டு ஓடுச்சுன்னா?"

"காத்தையே கிழிச்ச ஆளு, ஒரு குதிரையப் பிடிக்க மாட்டீங்களா? வெஞ்சனம் வைக்கட்டா?"

"வேணாம். பூசைய விட்டுட்டு நான் எப்பிடிப் போறது?"

"சனிக்கெழம சாயந்தரப் பூசைக்குப் போயிருவோம். அது ஞாயித்துக்கெழமைக்குச் சேத்திதான். ஃபாதரே சொல்லிருக்காரு."

"எனக்கு இடுப்பு வேற..."

அவள் எழுந்து உள்ளே போனாள். இடுப்பு பெல்ட்டைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். துவைத்து, வெயிலில் காயப்போட்டு, மடித்து வைத்திருந்தாள்.

கிளெமென்ட் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"ஒங்க அண்ணன் செபஸ்தியான் ஞாயித்துக்கெழம குடும்பத்தோட வாரேன்னாரே. மச்சான் வாற நேரத்துல நான் வீட்டுல இல்லாட்டி மரியாதையா?"

"அதுவும் சரிதான். அவுகளையும் வேன்ல ஏத்தி விட்டுர்றேன். நீங்க முன்னால வாற அழக அண்ணனும் பாக்கட்டும்."

ஆயுதம் திரும்பி வந்து அவர் தலையிலேயே விழுந்தது. இப்போது மச்சான் வேறு பார்க்கப் போகிறான். மனுஷன் வெட்கத்தை விட்டு நேராகவே கேட்டுவிட்டார்.

"நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு அல்போன்சா. நான் போகல. சத்தியமாப் போகல."

"நான் எதுக்குச் சொல்லணும்? இம்புட்டு ஆசையா இருக்கீங்க. குறுக்க நின்ன பாவம் எனக்கெதுக்கு?"

சனிக்கிழமை பூசையில் கிளெமென்ட் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். மழை வேண்டுமென்று கேட்டார். அந்தப் பக்கத்து விவசாயிகள் எத்தனையோ வருஷமாகக் கேட்டுக் கிடைக்காததை மாதா இவருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பாள்? ஞாயிறு காலை வானம் துடைத்து விட்டாற்போல் இருந்தது.

தலையில் பைக் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட், காலில் புது பூட்ஸ் என்று கிளெமென்ட் புறப்பட்டார். அல்போன்சா சுடிதாரில் வந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து சேலையே கட்டியவள்.

"என்ன, சுடிதாரு?"

"ஸ்கூட்டர்ல ஒங்களுக்குப் பின்னால வாரேன். இதுதான் தோது."

பொட்டலில் நூர் அகமது அவரை ரோஜா மேல் ஏற்றிவிட்டு, காதோடு சொன்னார். "சார், நீங்க ஒண்ணும் செய்யாதீங்க. ரோஜா தானா நடக்கும். ஒண்ணும் செய்யாம இருந்தாலே போதும்." கிளெமென்ட்டுக்குக் கைவந்த கலை அது ஒன்றுதான்.

செத்த நேரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. முன்னால் ரோஜா, பின்னால் சுல்தான் மேல் வேலுசாமி, அப்புறம் மற்றவர்கள், லட்டு மேல் பல் டாக்டரின் மகள், கடைசியில் ஸ்கூட்டரில் அல்போன்சா, அவளுக்கும் பின்னால் குடும்பங்களோடும் நூர் அகமதுவோடும் வேன். கிளெமென்ட்டுக்குத் தைரியமே வந்துவிட்டது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.

அப்போதுதான் ரோட்டோரக் கல்யாண மண்டபத்தில் பேண்டு செட் அடிக்க ஆரம்பித்தது.

ரோஜாவின் காது இரண்டும் நிமிர்ந்தன. அது கடமை தவறாத குதிரை. மேளம் கேட்டால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ரோட்டை விட்டு இறங்கி, குலுங்கக் குலுங்க ஓடி, வாழைமரம் கட்டிய வளைவுக்குள் நுழைந்தது. கிளெமென்ட் "நில்லு, நில்லு" என்று கத்தியது ட்ரம்பெட் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

மண்டப வாசலில் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். குதிரையைப் பார்த்ததும் கூட்டம் குதூகலமாகிவிட்டது. அடிக்கிறவர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். ரோஜா ஆட ஆரம்பித்தது. முன்னால் ரெண்டு எட்டு, பின்னால் ரெண்டு எட்டு, நடுவில் ஒரு குதி. கிளெமென்ட் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். யாரோ பன்னீர் தெளித்தார்கள். ஒரு அம்மாள் ஹெல்மெட்டுக்கு ஆரத்தி சுற்றினாள்.

"நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்று வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் கேட்டார்.

"பம்ப் கடை" என்றார் கிளெமென்ட்.

"சரி, எறங்குங்க. மாப்ள ஏறணும்."

இறங்கத் தெரிந்தால் அவர் ஏன் அங்கே இருக்கிறார்? ஒரு கால் சேணத்தின் மிதி வளையத்தை விட்டுக் கழன்றுவிட்டது. உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. வேனில் வரும் மச்சானும் குழுவும் பார்க்க, சிமெண்ட் தரையில் விழப்போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்தபோது, அவருக்குப் பழக்கமான குரல் ஒன்று கேட்டது.

"ரோஜா, இங்க பாரு."

அல்போன்சா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, போனை உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள். ரோஜா அப்படியே நின்றது. கழுத்தை வளைத்தது. வலது காலைத் தூக்கியது.

"அண்ணே, மேளத்த செத்த நிறுத்துங்க" என்றாள். பள்ளிக்கூடக் குரல். பேண்டு செட் கப்பென்று நின்றது. அவள் கிட்டே வந்து, கிளெமென்ட்டின் காலைப் பிடித்து வளையத்துக்குள் மாட்டி, கடிவாள வாரைக் கையில் எடுத்து, நாக்கால் 'ச்ச்' என்று ஒரு சத்தம் கொடுத்தாள். ரோஜா காலை இறக்கிவிட்டு அவள் பின்னால் நடந்தது.

வளைவைத் தாண்டியதும் கிளெமென்ட் கேட்டார்.

"போனைத் தூக்குனா நிக்கும்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்க எனக்கு அனுப்புன அம்புட்டு போட்டோவுலயும் அதே காலத்தான் தூக்கிருக்கு. பின்னால அதே தண்ணித் தொட்டி. காத்தக் கிழிச்ச குதிர ஒரு தொட்டியத் தாண்டலையே."

"பெறகு ஏன் போகச் சொன்ன?"

"நான் வேணாம்னு சொல்லணும், நீங்க ஊரெல்லாம் அல்போன்சா விடலன்னு சொல்லணும். அதான திட்டம்? எத்தன வருசமா என்னையக் காட்டித் தப்பிக்கிறீங்க."

அதற்குள் வேலுசாமி சுல்தானைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்துவிட்டார். மற்றவர்களும் ரோட்டில் குதிரைகளை நிறுத்திவிட்டு ஆவலோடு பார்த்தார்கள். வேனின் ஜன்னலில் செபஸ்தியானின் தலை தெரிந்தது.

"என்ன சார், திடீர்னு உள்ள பூந்துட்டீங்க?" என்று கேட்டார் வேலுசாமி.

கிளெமென்ட் ஹெல்மெட்டைச் சரி செய்தார். அல்போன்சாதான் சொன்னாள். "நல்ல காரியம் நடக்குற வாசலத் தாண்டும்போது குதிரைய ஒரு ஆட்டம் ஆடவச்சு வாழ்த்திட்டுப் போகணும்னு இறங்கிட்டாரு. அவருக்கு எப்பவும் இப்பிடி ஒரு மனசு."

"அடடா" என்றார் வேலுசாமி. பிரபு கை தட்டினார்.

கிளெமென்ட்டை மாட்டிவிட ஒரு வார்த்தை போதும், அதை அவள் சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் இவளுக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லையே என்று நினைத்தபோது ஹெல்மெட்டுக்குள் கண் கலங்கியது. மற்றவர்கள் குதிரைகளைத் திருப்பும் சமயம் பார்த்துக் குனிந்து சொன்னார்.

"ரொம்ப நன்றி அல்போன்சா. மனசாரச் சொல்றேன்."

"நன்றியெல்லாம் இருக்கட்டும். முதுக நிமித்துங்க. குதிகாலக் கீழ அழுத்துங்க. வார ரொம்ப இழுக்காதீங்க, அதுக்கு வாய் வலிக்கும்."

நன்றிப் பெருக்கில் இருந்த மனுஷனுக்கு, இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. சொன்னபடி செய்தார். என்ன ஆச்சரியம், உடம்பு ஆடவே இல்லை. வழி முழுக்க அவள் ஸ்கூட்டரில் கொஞ்சம் முன்னால் போனாள். ரோஜா வேகமெடுக்கும்போதெல்லாம் ஓரமாக நிறுத்தித் திரும்பிப் போனைத் தூக்கினாள். 'புருஷனை எத்தனை போட்டோ எடுக்கிறாங்க பாரு' என்று குழு பொறாமைப்பட்டது. தோப்பில் செபஸ்தியான் முதல் ஆளாக வந்து தங்கச்சி மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்தான்.

பிரியாணி முடிந்தது. இளநீர் முடிந்தது. திரும்பும் நேரம் வந்தபோது கிளெமென்ட்டின் தொடைகள் ரெண்டும் அவருடையவையாக இல்லை. மறுபடியும் அந்த மண்டபத்தைத் தாண்ட வேண்டுமே என்று ஒரு தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அல்போன்சா எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"ஏங்க, திரும்பிப் போகும்போது நான் ரோஜாவுல வரட்டுமா? நீங்க வேணாம்னா வேண்டாம்."

கிளெமென்ட்டின் நெஞ்சு உருகிவிட்டது. தன் காலைப் பார்த்து, தன் கஷ்டம் தெரிந்து, தன் மரியாதையும் கெடாமல் கேட்கிறாளே.

"தாராளமா" என்றார். "நூர் பாய், வீட்டுல பயப்படுவாங்க. கயித்தப் பிடிச்சுக்கிட்டே கூட வாங்க."

நூர் அகமது கயிற்றை எடுக்கவில்லை. தென்னை மரத்தின் உச்சியைப் பார்த்தார். அல்போன்சா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். பைக்குள்ளிருந்து தனக்கென்று ஒரு ஹெல்மெட்டை எடுத்துப் போட்டாள். இடது காலை வளையத்தில் வைத்து ஒரே எழும்பாக எழும்பி, ரோஜாவுக்கே தெரியாத அளவுக்கு மெதுவாக அதன் முதுகில் இறங்கினாள். வாரைச் சேர்த்துப் பிடித்து, தோப்பை ஒரு வட்டம் அடித்து வந்து நின்றாள்.

"இது எப்ப கத்துக்கிட்ட?" கிளெமென்ட்டின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சனிக்கெழம சனிக்கெழம ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டுத்தான போனேன். யாரு டீச்சர்னு நீங்க கேக்கலையே."

"மொதல்ல லட்டுவுல ஆரம்பிச்சாங்க சார்" என்றார் நூர் அகமது, மரத்தைப் பார்த்தபடியே. "இப்ப எல்லாமே ஓட்டுவாங்க."

வேலுசாமி அப்போதே போனை எடுத்து அல்போன்சாவைக் குழுவில் சேர்த்தார். திரும்பும்போது முன்னே செல்பவர் டீச்சர்தான் என்று அங்கேயே முடிவாயிற்று. கிளெமென்ட்டுக்குக் கோபப்பட ஆசைதான். ஆனால் தரையில் ஊன்றி நிற்கும் தன் ரெண்டு காலையும் பார்த்தார். உடையாத இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். கோபம் வரவில்லை. வந்தது நன்றிதான், அதுவும் நிறைய.

ஸ்கூட்டரைக் கிளப்பினார். ரோஜா மேலிருந்து அல்போன்சா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, பாத்து வாங்க. அது போனைத் தூக்குனா நிக்காது, பிரேக் பிடிக்கணும்."