மெத்தையின் மேல் தவறில்லை

மதிப்பிற்குரிய மூத்த சகலை அவர்களுக்கு, இளைய சகலை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நலத்தில்தான் இப்போது சிக்கல் என்பதால் ஆவலை மட்டும் ஏற்றுக்கொள்ளவும்.

இதை ஏன் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறான் என்று யோசிப்பீர்கள். போன் செய்தால் தாங்கள் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு அக்காவை வாசிக்கச் சொல்கிறீர்கள். இது அக்கா வாசிக்கிற விஷயம் அல்ல. தங்கள் மைத்துனி, அதாவது என் மனைவி, கோபித்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் இந்தச் சமயத்தில் அவள் கண்ணில் படவே கூடாது. படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணே, கொஞ்ச மாதமாகக் கணவன் என்ற வகையில் எனக்கு ஒரு குறை. மனம் தயாராக இருக்கிறது, உடம்பு ஒத்துழைப்பதில்லை. விறைப்பு வருவதில்லை, வந்தாலும் நீடிப்பதில்லை. இரண்டு வருடம் முன்பு அக்கா எங்கள் வீட்டில் சில நாள் தங்கி அலமாரியெல்லாம் ஒழித்துக் கொடுத்துவிட்டுப் போனாரே, அதற்குப் பிறகு ஒருநாள் மாடியில் பேசிக்கொண்டிருந்தபோது, “நமக்கெல்லாம் அந்தக் கவலையே கிடையாதுப்பா” என்று தாங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்படிப்பட்ட தங்களிடம் இதைச் சொல்ல நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது, ஆனால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

மெத்தைக் கடையில் நான் இருபது வருடமாக விற்பனையாளன். எங்கள் தொழிலில் எந்தக் கோளாறுக்கும் ஒரே காரணம்தான். முதுகு வலி என்று வந்தாலும் மெத்தை, தூக்கம் இல்லை என்று வந்தாலும் மெத்தை, எரிச்சலாக வருகிறது என்றாலும் மெத்தை. ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். முதலில் நுரை மெத்தையைக் கொண்டுவந்தேன். பலனில்லை. வாங்கிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்பது எங்கள் கடை வழக்கம், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நார் மெத்தை கொண்டுவந்தேன், அது போய் ஸ்பிரிங் மெத்தை வந்தது, அதற்குள் டெம்போக்காரர் எங்கள் வீட்டு மாடிப்படித் திருப்பங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறும் அளவுக்குப் பழகிவிட்டார், கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் என்னை நிறுத்தி, “மேல லாட்ஜ் ஏதும் நடத்துறீங்களா?” என்று விசாரித்தார். “உங்களுக்கு முதுகு வலியா?” என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன். பாவம், தைலம் தேய்த்துவிட்டாள். வலிக்காத முதுகில் தைலம் தேய்த்துக்கொள்வது எவ்வளவு கேவலம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

அப்புறம் செய்ததுதான் தப்பு. நான் புரண்டு புரண்டு படுப்பதால் அவள் தூக்கமும் கெடுகிறதே என்று நல்லெண்ணத்தில் இரண்டு ஒற்றை மெத்தைகளை இறக்கினேன். அவள் வந்து அறைவாசலில் நின்று பார்த்தாள்.

“நடுவுல ஒரு ஆள் நடந்து போகலாம் போலிருக்கே.”

“ஆமா, காத்தோட்டமா இருக்கும்.”

“என்னைப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லுங்க. மெத்தை மெத்தையா வாங்கிச் சொல்ல வேண்டாம்.”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, இரண்டுக்கும் வாரண்டி உண்டு என்று. பையை எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு நான் உட்கார்ந்து அழுதேன் அண்ணே. எந்த மெத்தையில் உட்கார்ந்து அழுவது என்றுகூடத் தெரியவில்லை.

இனி மானம் மரியாதை பார்த்தால் ஆகாது என்று டாக்டரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண், கூடம் முழுக்கக் கேட்கும்படி, “என்ன பிரச்சனைக்குப் பார்க்கணும்?” என்றாள். “பொதுவா” என்றேன். “பொதுவான்னா உடம்புல எங்க?” என்றாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். முழங்கால் என்று சொல்லிவிட்டேன். எக்ஸ்ரே எடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுமுறை போனபோது காது என்றேன், அதைக் கழுவி விட்டார்கள். மூன்றாம் முறை அந்த அம்மா, ஆமாம், டாக்டர் ஒரு அம்மாதான், கதவைச் சாத்திவிட்டு, “முழங்கால் நல்லாருக்கு, காதும் நல்லாருக்கு. எதுக்கு வந்தீங்களோ அதை இப்பச் சொல்லுங்க” என்றார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவே இல்லை. இருமல் எத்தனை நாளாக என்று கேட்கிற மாதிரியே எல்லாவற்றையும் கேட்டார். காலையில் எழும்போது எப்படி, சிகரெட் உண்டா, பிரஷர் உண்டா, மனசில் கவலை ஏதும் உண்டா என்று. இதுவரைக்கும் என்ன செய்தீர்கள் என்றபோது மெத்தைகளைச் சொன்னேன். அப்போது மட்டும் பேனாவைக் கீழே வைத்தார்.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எக்கச்சக்கம். “நிறையப் பேருக்கு வர்றதுதான் இது, வெட்கப்பட ஒண்ணும் இல்ல. ரத்தக் குழாய்ல கோளாறு இருந்தா முதல்ல இங்கதான் தெரியும், இதயத்துல அப்புறமாத்தான் தெரியும். சீக்கிரம் வந்தது நல்லது” என்றார். நான் வந்ததா சீக்கிரம் என்று நினைத்துக்கொண்டேன். சர்க்கரைக்கு மருந்து, தினம் நடை, சிகரெட்டுக்கு முழுக்கு. இதற்கென்று தனி மாத்திரை உண்டாம், இதயத்தைப் பரிசோதித்த பிறகுதான் தருவாராம். “யார் சொன்னாலும் நீங்களா வாங்கிப் போடாதீங்க. நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிடறவங்க இதையும் சேர்த்துப் போட்டா உயிருக்கே ஆபத்து” என்றார். கடைசியில், “அடுத்த தடவை வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க, இது ரெண்டு பேர் விஷயம்” என்று முடித்தார்.

எனக்கோ வீட்டம்மா வீட்டிலேயே இல்லை. ஆகவே, தாங்கள் அவளைத் தனியாக அழைத்து, அவளைப் பிடிக்காமல் போனதாக அவள் நினைப்பது சுத்தப் பொய் என்று பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். காரணம் கேட்டால் முழங்கால் என்று சொல்லுங்கள். இரண்டு ஒற்றை மெத்தைகளையும் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டு எங்கள் பழைய மெத்தையைப் போட்டுவிட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லவும். தங்களைப் போன்ற குறையில்லாத மனிதரிடம் இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தத்துடன், தங்கள் குடும்பம் என்றும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,

இளைய சகலை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அவளே வந்து நிற்கிறாள். மெத்தைகள் திரும்பிய சேதியை டெம்போக்காரர் போனில் சொல்லிவிட்டாராம். கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். “இதைச் சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேன்ல, என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சு எவ்வளவு அழுதேன் தெரியுமா” என்று கேட்டுவிட்டு, என் வலிக்காத முதுகில் ஒரு போடு போட்டாள். பிறகு, “மாமாவுக்கும் இதேதான். அன்னைக்கு அக்கா நம்ம அலமாரியை ஒழிக்கவா வந்தா? மாமா டாக்டர்கிட்ட போறவரைக்கும் வீட்டுக்கு வரமாட்டேன்னுதான் வந்து உக்காந்திருந்தா. எனக்கும் கோபிச்சுக்கிட்டுக் கிளம்பி வரச் சொல்லி அவதான் யோசனை சொன்னா” என்றாள்.

ஆகவே மேற்படி கடிதத்தில் தாங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. கிழிக்கவும் வேண்டாம், இவள் போனில் சொன்னதும் அக்கா படிக்கக் கேட்டிருக்கிறார். தாங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டீர்களாம், சர்க்கரை பார்த்தும் வெகு நாளாகிவிட்டதாம். நாங்கள் இருவரும் போகிற அன்றைக்கே தங்களுக்கும் சேர்த்து டோக்கன் வாங்கியிருக்கிறேன். வரவேற்பில் கேட்டால் தாங்கள் போன தடவை சொன்னது போலத் தோள்பட்டை என்று சொல்ல வேண்டாம். முழங்கால், காது இரண்டும் ஏற்கெனவே என் பேரில் இருக்கின்றன.