காற்றைச் சந்தேகித்த கேஸ் மிசே

முத்தியால்பேட்டையில் மருமகளைச் சந்தேகிப்பவர்கள் உண்டு, பால்காரரைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. காற்றையே சந்தேகித்தவர் எங்கள் தெரு கேஸ் மிசே ஒருவர்தான்.

பிரான்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர் என்பதால் ‘மிசே’, பிரெஞ்சு ‘ஐயா’. ‘கேஸ்’ ஒட்டிக்கொண்டது கலைச்செல்வி அக்கா வீட்டு வாசலில். சோப்புப் பெட்டி அளவு வெள்ளைக் கருவியோடு போய் நின்று, "உங்க வீட்ல கேஸ் இருக்கான்னு பாக்கணும்" என்றார்.

"இப்பதான் சிலிண்டர் மாத்தினோம் மிசே."

"அது இல்லம்மா. ரேடான். மண்ணுலேர்ந்து வரும். வாசனை கெடையாது, நெறம் கெடையாது. மூடின ரூம்ல தேங்கும். வருஷக்கணக்கா இழுத்தா நுரையீரலுக்கு ஆவாது."

"வாசனையும் இல்ல, நெறமும் இல்ல. அப்புறம் அதுமேல இன்னா குத்தம்?"

அக்காவின் விஞ்ஞானத்தைத் தெருவே பாராட்டியது.

அடுத்து என் வீட்டில் கருவியை வைத்துவிட்டுப் போனார். கொசுவுக்குப் பயந்து நாங்கள் ஜன்னலைத் திறப்பதே இல்லை. சில வாரம் கழித்துக் கருவியைப் பார்த்த மிசே, லாட்டரி விழுந்தவர் போல மலர்ந்தார். "உங்க வீட்ல இருக்கு!" ஜன்னலைத் திறக்க உத்தரவு. அளவு இறங்கியது. எங்களுக்கு முகம் வீங்கியது.

வினை தனசேகரன் வீட்டில் வந்தது. காற்று எட்டிப்பார்க்க முடியாதபடி தரைத்தளத்தில் ஏசி அறை கட்டி வாடகைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். பார்க்க வந்த குடும்பத்திடம் மிசே, "சோதிச்சிட்டுக் குடி வாங்க, அவசரம் வேணாம்" என்றார். அவர்கள் அவசரமாகக் கிளம்பிப் போனார்கள்.

"யோவ், என் வூட்டு மேல உனுக்கு இன்னாய்யா காண்டு?" நடுத்தெருவில் சட்டையைப் பிடித்தார் தனசேகரன்.

மிசே கையை விலக்கவில்லை. "பிரான்சுல கருங்கல் வீட்ல இருந்தோம். குளிருக்கு ஜன்னலே தொறக்கல. எங்க வீட்டம்மா சிகரெட்டைத் தொட்டதில்ல. நுரையீரல்ல புத்துநோய். அவ போனப்புறம்தான் வீட்டைச் சோதிச்சேன். எகிறிக் கெடந்துது. அதாலதான் போனாளான்னு தெரியாது. முன்னாடியே பாத்திருக்கலாம் இல்ல?"

சட்டையிலிருந்து கை இறங்கியது. "வந்து வச்சிப் பாரு மிசே."

அந்த அறையில் அளவு குறைவாகவே இருந்தது. பிறகு மிசே செய்த விளம்பரத்தை எந்த புரோக்கரும் செய்ய மாட்டார். போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "நல்ல ரூம், நானே பாத்தேன்!" வீடு தேடாதவர்கள்கூடத் தப்பவில்லை.

போன மழைக்காலத்தில் மிசே காய்ச்சலில் படுத்துவிட்டார். கஞ்சி கொண்டுபோன தனசேகரன், அவர் இருமும்போதெல்லாம் முதுகைத் தடவிக்கொண்டே, "எங்க காத்தை அப்பறம் பாக்கலாம். நீ மொதல்ல நல்லா மூச்சு வுடு மிசே" என்றார். தெருக்காரர்கள் நாங்கள் வாசலில் நின்று, மிசேயின் மூச்சு சீராகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.