மிளகு பாய் தராசில் ஏற்றிய பாட்டு

தராசில் நிறுத்துப் பாட்டுப்பெட்டி வாங்கப் பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் மிளகு பாய் ஒருவர்தான்.

அப்போது எனக்குக் கொல்லிமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முதல் வேலை. பக்கத்து வீட்டில் மிளகு வியாபாரி பாய். அவர் சி.டி. பிளேயர் வாங்கிய அன்றே வீட்டில் வினை ஆரம்பித்தது. டேப்ரிக்கார்டர் காலத்தில் தினமும் சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்ட பாயம்மா, முதல் பாட்டிலேயே எழுந்துவிட்டார்.

"காதுல ஊசி குத்தற மாதிரி இருக்குதுங்க. நீங்க கேளுங்க, நான் அடுப்படியிலயே இருந்துக்கறேன்."

பாய் என்னிடம் ஓடி வந்தார். "கண்ணு, தனியாக் கேக்கறதுக்கா இத வாங்குனேன்? மருந்து இருந்தாச் சொல்லு."

மருந்து இருந்தது. சி.டி.யில் பாட்டு வெறும் எண்களாக இருக்கிறது. அதை ஒலியாக மாற்றும் பகுதி மட்டமாக இருந்தால் இப்படித்தான் கீச்சிடும். அந்த வேலைக்கென்றே 'டாக்' என்று தனிப்பெட்டி உண்டு. அதில் கவனிக்க வேண்டிய ஒன்பது விஷயங்களை நான் வரிசையாக எழுதி முடிப்பதற்குள் பாய் சேலம் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியிலிருந்து இறக்காமல் மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்தார். "சாம்பிள் கேட்டேன், குடுத்துட்டாங்க. ஒண்ண வெச்சுக்கிட்டு மிச்சத்த நாளைக்குத் திருப்பிக் குடுக்கோணும்."

வந்ததும் மூன்றையும் தராசில் வைத்தார். "இதுதான் கனம். இதையே வெச்சுக்கலாம்."

"பாய், இது மிளகு இல்ல."

"எதுவா இருந்தா என்ன கண்ணு? சொத்தைன்னா மிதக்கும்." அவர் பார்வை தண்ணீர் வாளிப் பக்கம் போனது. பெட்டிகளை அள்ளி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

முறையாகச் சோதிப்போம் என்றேன். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகத் தோன்றும். அதனால் மூன்றின் ஒலி அளவையும் மீட்டர் வைத்துச் சமமாக்கினேன். மதிப்பெண் போட பாய் சந்தை வழக்கத்தைச் சொன்னார்: துண்டுக்கு அடியில் விரல் பிடிப்பது. என்னைப் பிள்ளை மாதிரி நினைக்கும் பாயம்மா என் கையில் விரல் அழுத்துவார், நான் எழுதிக்கொள்வேன். பாய் திரைக்குப் பின்னால் ஒயர் மாற்றுவார்.

முதலில் கனமான பெட்டி. இரண்டு விரல்.

"எத்தன கண்ணு? அஞ்சுதான?"

"சொல்லக் கூடாது பாய்."

"ஒரு சாடையாச்சும் காட்டு சாமி."

அடுத்ததற்கு மூன்று விரல். கடைசியாக, பாய் ஏளனமாக ஒதுக்கி வைத்திருந்த சின்னப் பெட்டி. பாட்டு ஓடியது. விரல் வரவே இல்லை. துண்டுக்கடியில் பாயம்மாவின் கை தளர்ந்து கிடந்தது. பாட்டு முடிந்தது.

"எத்தன?" திரையிலிருந்து தலை மட்டும் வந்தது.

"போடவே இல்ல பாய்."

"அவ்வளவு மோசமா?"

பாயம்மா அப்போதுதான் விழித்துக்கொண்டவர் போலத் திரும்பினார். "ஏனுங்க, அங்க என்ன பண்றீங்க? அடுத்த பாட்டப் போட்டுட்டு இங்க வந்து உக்காருங்க."

தராசைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு பாய் வந்து உட்கார்ந்தார். அன்று யாரும் என் ஒன்பது விஷயப் பட்டியலைக் கேட்கவில்லை.

இப்போதும் கடையில் எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் கையில் தூக்கிக் கனம் பார்க்கிறேன். கனத்தை வைத்துத் தரம் சொல்ல முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த ஒரு நொடி பாய் பக்கத்தில் நிற்பது போல இருக்கும்.